அரை மணித்தியால ஆறு

மடுல்கெல்லத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, ஆற்று நீரெடுத்து அம்மனை அழைத்துக் கரகம் பாலிக்க வந்த கூட்டம், நீரில்லாத ஆற்றின் நடுவே நிற்கிறது. தப்பு மேளச் சத்தம் அடங்கிவிட்டது. பாறைகளில் பாசி கருகி உரிகிறது. மேலே மின்சாரக் கம்பனியின் அணை, ஆற்றை முழுதாகக் குழாய்க்குள் அனுப்புகிறது. 'இந்த ஆற்றை மறிப்பது சட்டப்படி குற்றம்' என்று மூன்று மொழியிலும் சொல்லும் அரசாங்கப் பலகை அணைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதன்மேல் அணைக் காவலாளியின் ஈரச் சட்டை காய்கிறது. "கம்பனி சேர்கிட்ட கேட்டுட்டேன். சாமி காரியமாச்சே, அரை மணித்தியாலம் தொறந்து விடச் சொன்னாரு" என்கிறான் அவன், அப்பன் வீட்டு ஆற்றை அள்ளிக் கொடுப்பவன்போல. கதவு கிறீச்சிட்டு உயர்கிறது. சேறும் நுரையுமாக வந்த தண்ணீர் எல்லோர் காலையும் நனைக்கிறது. பூசாரி வேலாயுதம் செம்போடு குனிகிறார். கரகம் தூக்கவிருக்கும் புவனா அவர் கையைப் பிடிக்கிறாள். "வேணாம் மாமா. ஆத்தாள ஓடுற ஆத்துலதான் கூப்புடணும். இது அவுங்க போடுற பிச்சை." மஞ்சள் சேலை காலில் ஒட்ட, வெறும் செம்பை வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறாள். பலகையிலிருந்த சட்டையை உருவி அணைக்குள் எறிகிறாள். "தப்ப நல்லா அடிங்கண்ணே" என்கிறாள், கீழே நிற்கும் தப்புக்காரரிடம். "இந்தப் பலகைய நான் சத்தமா வாசிக்கப் போறேன்."