அலை தின்ற பலகை

"நீ போட்டது பலகையாடா பாண்டியா, அப்பளமா?"

மீனவர் தலைவர் ராஜவேல் போட்ட சத்தத்தில் படகுப் பட்டறையே அதிர்ந்தது. அவருடைய படகின் மேல்தளம் தண்ணீரில் ஊறி உளுத்திருந்தது.

"நல்ல மரந்தான் தலைவரே போட்டேன்."

"பனை ஒசர அலையில தெனம் போயி வர்றவன் நான்! ஓசியில மாத்திக் குடு. இல்லன்னா தேவனாம்பட்டினத்துப் படகு ஒண்ணுகூட உன் பட்டறைக்கு வராது."

பிழைப்பே போய்விடுமே! பாண்டியன் பல்லைக் கடித்துக்கொண்டு உளியை எடுத்தான்.

அப்போது தலைவரின் மனைவி பூவம்மாள் ஆவேசமாக ஓடி வந்தாள்.

"யோவ், சுனாமி நிவாரணத்துல வந்து, பாண்டியன் பலகை போட்ட நாள்லேருந்து கொல்லையில கெடந்த படக ஏன்யா இழுத்தாந்த? அதுல மண்ணு கொட்டி, தெனம் தண்ணி ஊத்தி வளத்த கீரை அத்தனையும் போச்சே!"

பாண்டியன் உளியைக் கீழே வைத்தான்.

"தலைவரே, அடுத்த வாட்டி கடலுக்குப் போனா எனக்கும் ரெண்டு கட்டுக் கீரை புடிச்சிட்டு வாங்க!"