பர்மா தேசப்படம்

சேலத்தில் இரண்டு புத்தகக் கடைகளில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். நாமகிரிப்பேட்டை அர்த்தனாரிக்கு மூன்றாவது கடையில்தான் பர்மா தேசப்படம் கிடைத்தது.

"பையனுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க."

"செம்புல என்னங்க, பாலா?"

"அதுவும் அவனுக்குத்தானுங்க" என்றாள் செம்பை ஏந்தி நின்ற மனைவி பெருமாயி.

"குடுத்துவெச்ச பையன்!"

"இந்தக் காயிதம் ஈரம் தாங்குமுங்களா?" என்றார் அர்த்தனாரி.

"ஈரம் பட்டா ஒரு வருசப் படிப்புக்குத் தாங்காதுங்க."

"ஒருக்காத் தாங்குனாப் போதும்."

அர்த்தனாரி படத்தைக் கடைவாசலிலேயே விரித்தார். "இதுல மாண்டலே ஊரு எங்கீங்க?"

கடைக்காரர் குனிந்து விரல் வைத்துக் காட்டினார். அவர் விரலை எடுத்ததும், பெருமாயி அந்த இடத்தில் பாலை ஊற்றினாள்.

பதறிப்போன கடைக்காரரிடம் அர்த்தனாரி சொன்னார்: "பட்டாளத்துல இருந்து நேத்துத் தந்தி வந்துச்சுங்க. எரிச்ச எடத்துலதானுங்களே பாலூத்தோணும்?"