இறங்கிப்போகும் பாட்டரி

இருளாண்டி நான்காவது தடவையாக அந்த மோட்டார் சைக்கிள் முன்னால் குந்தியபோது, வாசல் திரைக்குப் பின்னால் தாஜுன்னிசா ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இருந்த கவலையில் அது காதில் ஏறவில்லை.

வண்டி அவள் புருஷன் வாவு முகம்மது ஓட்டுவது. கீழக்கரை வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருந்தார். பட்டாளத்து ஏலத்தில் வந்த அந்த வண்டியும் மாமனார் மீரா சாகிபு வாங்கிக் கொடுத்ததுதான்.

கோளாறு ஒன்றே ஒன்று. பாட்டரியை ராமநாதபுரம் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி மாட்டினால் நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் நடுரோட்டில் வண்டி படுத்துவிடும். போன வாரம் அப்படி நின்றபோது, ஏர்வாடி தர்காவுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் புண்ணியம் என்று சேர்ந்து தள்ளி, மாப்பிள்ளையைத் தர்கா வாசலிலேயே கொண்டுபோய் விட்டது. அவர் போக வேண்டியதோ நேர் எதிர்த் திசை.

மீரா சாகிபுக்கு ரெண்டு பஸ் ஓடின. இந்த வண்டியைச் சரியாக்கினால் பஸ் ரெண்டின் ரிப்பேர் வேலையையும் உன்னிடமே விடுகிறேன் என்று இருளாண்டியிடம் சொல்லியிருந்தார். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியே காலம் தள்ளும் இருளாண்டிக்கு அந்த நாளிலிருந்து தூக்கமே இல்லை. இன்றும் முடியாவிட்டால் மதுரையிலிருந்து ஆள் வரும் என்று மாப்பிள்ளை கறாராகச் சொல்லிவிட்டார்.

சார்ஜ் ஏற்றிய பாட்டரியை மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தான். டைனமோ பிரஷ் புதுசு. வண்டியை உதைத்துக் கிளப்பி முறுக்கியதும், ஹெட்லைட் மேலே இருந்த மீட்டர் முள் சமர்த்தாகச் சார்ஜ் பக்கம் ஏறியது. அணைத்துவிட்டு வயரைக் கழற்றி உரசிப் பார்த்தான். பொறி இல்லை, எங்கும் கரண்டு ஒழுகவில்லை.

ஆசிட் தெறித்துச் சல்லடையாகிப்போன காக்கிக் கால்சட்டையில் கையைத் துடைத்தபோதுதான், பாட்டரியை இறுக்கும் பட்டையின் திருகு கண்ணில் பட்டது. மற்ற திருகெல்லாம் உப்புக்காற்றில் துருவேறிக் கிடக்க, இது மட்டும் பளபளவென்றிருந்தது. அவன் கழற்றியது நாலே தடவை. வேறு யாரோ தினமும் கழற்றி மாட்டுகிறார்கள்.

இப்போது அந்தப் பாட்டு அவன் காதில் ஏறியது. ராமநாதபுரம் கொட்டகைக்கு இன்னும் வராத படத்துப் பாட்டு. அதைச் சிலோன் ரேடியோவில்தான் கேட்டிருக்க முடியும், கரண்டு வராத இந்தத் தெருவில் ரேடியோ பாட வேண்டுமென்றால் பாட்டரி வேண்டும். மாப்பிள்ளை மத்தியானம் குறட்டை விடும் நேரத்தில் வேலை நடக்கிறது என்று கணக்குப் போட்டான்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். பாட்டுப்பெட்டி என் வாசப்படி ஏறினால் நான் இறங்கிப்போய்விடுவேன் என்று மீரா சாகிபு சட்டம் போட்டிருப்பது ஊருக்கே தெரியும்.

செருப்புச் சத்தம் கேட்டது. பாட்டு சட்டென்று நின்றது. மீரா சாகிபு வந்தார், பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தார். பெரியவர் தோளில் கிடந்த புதுத் துண்டில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. வெளுக்கப் போட்ட இடத்தில் சவுக்காரத்தைக் கொட்டிப் பாழாக்கிவிட்டார்கள் என்று ஏசிக்கொண்டே வந்தார்.

"என்னலே, கோளாறு ஆம்புட்டுச்சா?"

இருளாண்டி திரையைப் பார்த்தான். அது லேசாக நடுங்கியது. உண்மையைச் சொன்னால் பஸ் வேலை கைக்கு வந்துவிடும், ஆனால் அந்தப் பிள்ளை வாப்பாவிடமும் புருஷனிடமும் என்ன பாடுபடும்? பாட்டுக் கேட்டது ஒரு குற்றமா? அவன் மனசு கேட்கவில்லை.

"கோளாறு வண்டியில இல்ல முதலாளி, என் கையிலதான். வயர நான் சரியா மாட்டல."

மாப்பிள்ளை குதித்தார். சைக்கிள் கடைக்காரனை நம்பி நாலு வாரம் ஊர் சிரிக்க வண்டி தள்ளினேனே என்று தலையில் அடித்துக்கொண்டு, மதுரைக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பிவிட்டார். மீரா சாகிபு தாடியைத் தடவிக்கொண்டு இருளாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளாண்டி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். இனிமேல் பஸ் போகிற ரோட்டில் தலைநிமிர்ந்து நடக்கக்கூட முடியாது என்று தோன்றியது.

தெருமுனை திரும்பும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். மீரா சாகிபுதான், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, வயரைச் சரியாக மாட்டவில்லை என்றது பொய்தானே என்று கேட்டார்.

இருளாண்டி, இல்லவே இல்லை, தன் தப்புத்தான் என்று சாதித்தான். கொன்று போட்டாலும் அந்தப் பிள்ளை பெயரை வாயில் எடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

பெரியவர் முகம் மலர்ந்தது. நாளைக் காலையே வந்து பஸ் ரெண்டின் வேலையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இருளாண்டிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதற்காக முதலாளி என்று திக்கித் திணறிக் கேட்டான்.

மீரா சாகிபு அவன் காதருகே குனிந்தார்.

"என்னயக் காட்டிக்குடுக்கலயேலே, அதுக்கு... ஆமா, சிலோன் பாட்டுக்குன்னு தனியா ஒரு பாட்டரி கெடைக்குமா?"