சிவப்புக் கோடிட்ட வரிகள்

அவளைக் கிளி என்றே எல்லாரும் அழைத்தனர். ரயில் நிலைய விசாரணைச் சாளரத்தில் அமர்ந்து, அறுபத்திரண்டு வண்டிகளின் நேரத்தையும் பலகையைப் பாராமலே சொல்பவளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

நாடகக் குழுக்களின் நடிகர் தேர்வுக்கும் அவள் அப்படியே போவாள். ஒரு சொல் பிசகாது.

ஏழு தேர்வுகள். ஏழு முறையும் ஒரே தீர்ப்பு: "நல்லா ஒப்பிக்கிறீங்கம்மா."

எட்டாவதிலும் தோற்றால் நடிப்புக்கே முழுக்கு என்று வீட்டில் அறிவித்துவிட்டாள்.

இம்முறை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, வசனத்தாளை வாங்கி வந்தவள் நாத்தனார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். யாரையும் ஒருமுறை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

திருட்டுத்தனமாக நாய் வளர்க்கும் குடித்தனக்காரிக்கும், குரைப்பைக் கேட்டு வந்து நிற்கும் வீட்டுக்காரிக்கும் நடக்கும் சண்டை அது. வீட்டுக்காரியின் வரிகளுக்கு நாத்தனார் சிவப்பு மையால் கோடிட்டாள். அவற்றைக் கிளி மனப்பாடம் செய்தாள்; மற்றவற்றை நாத்தனார் படித்தாள். துணி மடிக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் ஒரு வாரம் சண்டை ஓயவில்லை.

இன்று மேடையேறியதும் இயக்குநர் பட்டியலைப் பார்த்தார்.

"நீங்க குடித்தனக்காரி வேஷத்துக்குத்தானே எழுதிக் குடுத்திருக்கீங்க? ஆரம்பிங்க."

கிளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு வாரம் காதருகே ஒலித்த வரிகள்; ஒன்றுகூட நினைவில் இல்லை. நாத்தனார் எப்போது நிறுத்துவாள், தான் எப்போது தொடங்கலாம் என்று மட்டுமே அவள் காத்திருந்தாள்.

வேறு வழியின்றித் தாளைப் பார்த்துப் படித்தாள். குரைத்தது நாயன்று, தன் கணவரின் இருமல் என்றாள்.

"இருமலுக்கு வாலு முளைக்குமாடி?" என்று சீறினாள் எதிரே வீட்டுக்காரியாக நின்றவள்.

கிளி நூறு முறை சொன்ன வரிதான். பிறர் வாயிலிருந்து கேட்பது இதுவே முதல்முறை. குபீரென்று சிரிப்பு வந்தது, அடக்கினாள், கண்ணில் நீர் முட்டியது. அடுத்த வரியைத் தாளில் தேடினாள். கிடைக்கவில்லை. கதவிடுக்கில் வால் தெரிகிறதோ என்று திரும்பிப் பார்த்தாள்.

இயக்குநர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். திங்கட்கிழமை ஒத்திகைக்கு வந்துவிடச் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் நாத்தனார் காத்திருந்தாள். கிளி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கிடைச்சிடுச்சுடி! ஆனா வேற ஆளு வசனத்துக்குல்ல நீ கோடு போட்டுட்ட!"

நாத்தனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"விண்ணப்பம் எழுதினதும் நான்தானே, அண்ணி."

"அடிப்பாவி!" என்று கிளி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இருவரும் படிக்கட்டிலேயே அமர்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தனர்.

அடுத்த தேர்வுக்கும் சிவப்புப் பேனா நாத்தனாரிடமே இருக்கட்டும் என்று கிளி முடிவு செய்தாள்.