ஆரஞ்சுப் புள்ளிகள்

நித்தியகல்யாணித் தண்டை மெல்லிசாகச் சீவி, சாயம் விட்டாள் ஜெசிந்தா. மருந்துச்சத்து உள்ள செல்கள் மட்டும் ஆரஞ்சாக மாறின. நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தாள். பட்டையோரத்தில் வைத்து மாளவில்லை. இதே சத்தைத்தான் மகள் அனிலாவின் ரத்தப் புற்றுக்கு எட்டு மாதம் ஊசியில் ஏற்றினார்கள்.

"நம்ம தோட்டத்துச் செடியில இத்தனை இருக்காதே மேடம், எங்க பறிச்சீங்க?" என்று கேட்டார் ஆய்வக உதவியாளர் முபாரக். பதிவேட்டில் 'பறித்த இடம்' காலியாகவே இருந்தது.

"கல்லறைத் தோட்டத்துல. அனிலா தலைமாட்டுல தானா முளைச்சிருந்துச்சு."

அவள் நுண்ணோக்கியை முபாரக் பக்கம் திருப்பினாள்.

"உடம்பு மருந்தை ஏத்துக்கலைன்னாங்களே முபாரக். இங்க பாருங்க, ஒரு சொட்டுகூட வீணாப் போகல."