போர்தோ, பூஷொலே

“அந்த மனுசன் துரோகி அக்கா!”

கிழக்கு லண்டனின் பார்க்கிங் நகரில், சட்டத்தரணி தவநாயகியின் அறைக்குள் வந்த பத்மநாதன் உட்காரவேயில்லை. அகதி விசாரணை முடிந்து மூன்று நாள். மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஆர் தம்பி?”

“மொழிபெயர்க்க வந்த கனகலிங்கம்தான். எங்கட ஆள் எண்டு நம்பினன்.”

“இருந்து சொல்லுங்கோ.”

“என்ன வேலை செய்தனி எண்டு விசாரிச்ச வெள்ளைக்காரன் கேட்டான். உரும்பிராயிலை ஐயாவின்ர முந்திரிகைத் தோட்டம், திராட்சைக் கொடி எண்டு தொடங்கினன். பிறகு பிரான்சிலை ரண்டு வருசம் வைன் தோட்டங்களிலை பழம் வெட்டினதைச் சொன்னன். பூஷொலேயிலை கமே எண்ட கறுப்புப் பழம், குலை நசியாமல் கையாலை வெட்ட வேணும். போர்தோவிலை மெர்லோ, தோல் மெல்லிசு, மழை பட்டா அழுகிப்போம். ஒருத்தரிட்டையும் கையேந்தாமல் உழைச்சவன் எண்டு அவங்களுக்குத் தெரியட்டும் எண்டுதான் அக்கா சொன்னன்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“ரண்டே ரண்டு வசனம்! எனக்கு இங்கிலீஸ் கொஞ்சம் விளங்கும். பிரான்ஸ் எண்டதும் வெள்ளைக்காரன் நிமிந்து பாத்தான். இவர் உடனை, ‘அது பிரான்சிலையிருந்து வந்த கொடி, தேப்பன்ர தோட்டத்திலை வைச்சது’ எண்டு புளுகினார். வெளியிலை வந்து ஏன் எண்டு கேட்டா, ‘வாயை மூடிக்கொண்டு வீட்டை போம்’ எண்டிட்டு நடந்திட்டார்.”

தவநாயகியின் முகம் மாறியது. விசாரணைப் பதிவை எடுத்து, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“பிரான்சிலை இருந்ததை எனக்கும் நீங்கள் சொல்லேல்லையே. அங்கை உங்கட கேஸ் என்னாச்சு?”

“தள்ளுபடி செய்திட்டாங்கள். கொழும்புக்குப் பிளேன் ஏத்த முதல் இங்கை ஓடி வந்தன்.”

“அது தெரிஞ்சா இவங்கள் உங்களைத் திரும்ப அங்கை அனுப்பத்தான் பாப்பாங்கள். அங்கையிருந்து நேரா கொழும்பு.” அவர் பதிவைத் தட்டினார். “இதிலை பிரான்சிலையிருந்து வந்தது முந்திரிகைக் கொடி மட்டும்தான் தம்பி, நீங்கள் இல்லை. அவர் உங்களைக் காப்பாத்தியிருக்கிறார். பிடிபட்டா அந்த மனுசன்ர வேலையும் போகும்.”

பத்மநாதன் மெல்ல நாற்காலியில் சரிந்தான்.

“சரி, இது இந்த அறையோட போகட்டும். ஒருத்தரோடையும் கதைக்காதையுங்கோ.”

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

“தம்பி?”

“அவரிலை முறைப்பாடு எழுதி, விசாரிச்ச ஒபிசுக்கே அண்டைக்கே தபாலிலை போட்டிட்டன் அக்கா. கிடைச்சதெண்டு இண்டைக்குக் காலமை கடிதம் வந்திருக்கு.”

“என்ன எழுதினீங்கள்?”

“அவர் சொல்லாமல் விட்டது முழுக்க. ஊர், தோட்டம், வருசம், பழத்தின்ர பேர்... எழுத்துப் பிழை வரக்கூடாதெண்டு, கடைக்குப் போய் வைன் போத்தில் லேபிளைப் பாத்துத்தான் எழுதினனான்.”