நிரந்தர முகவரி

"உங்க ஊர் பேரு வேணாம் சிஸ்டர். ஆஸ்பத்திரி அட்ரஸே போட்டுக்கலாம்."

முருகையன் சொன்னதும் கலைமதி கையிலிருந்த பேனா நின்றது. வாடகை ஒப்பந்தத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் ஒலக்கூர் என்று எழுதப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் சார்? அதானே என் நிரந்தர முகவரி?"

"ஆஸ்பத்திரின்னா ஒரு மரியாதையா இருக்கும்ல."

கலைமதி திண்டிவனத்தில் நர்ஸ். முருகையனின் அண்ணன் மகன் வல்லரசு லண்டனில் இருக்கிறான். இங்கே அவன் கட்டிப்போட்ட வீட்டில்தான் ஒரு வருடமாக அவள் குடியிருக்கிறாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளவும், வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போடவும் சித்தப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தான் வல்லரசு.

மார்ச் வந்தாலே முருகையனுக்குப் பேஜார்தான். வீட்டு வரி ரசீது, தண்ணி வரி ரசீது, கரண்ட் பில் என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து லண்டனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வருடக் கணக்கு காட்டும்போது இங்கே இருக்கிற வீட்டையும் காட்டியாக வேண்டுமாம். இதுவரை வாய்வார்த்தையாக இருந்த வாடகைக்கு இந்த வருடம் ஒப்பந்தமும் கேட்டிருந்தான்.

"ஆதார் ஜெராக்ஸ் கொண்டாந்திருக்கேன் சார்."

"அது வேணாம், உள்ள வச்சிடுங்க. ஆஸ்பத்திரி ஐடி கார்டு போதும்."

கலைமதிக்குப் புரிந்துவிட்டது. வீடு தேடி அலைந்தபோது போன இடமெல்லாம், "ஊர்லயா, காலனியிலயா?" என்று கேட்டார்கள். அதைக் கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுத்தவர் இந்த முருகையன் ஒருத்தர்தான். அதனாலேயே அவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை. அவரும் இப்படித்தானா? ரொம்பவே வலித்தது.

"நான் காலனின்னு தெரிஞ்சுபோச்சு, அதான?"

முருகையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க குடிவந்த அன்னிக்கே தெரியும் சிஸ்டர்."

"அப்ப இப்ப மட்டும் என்ன?"

"சொன்னா கேளுங்க. உங்க பொண்ணு பிளஸ் டூ பரிச்சை எழுதிக்கினு இருக்குது. இந்த நேரத்துல வீடு மாத்திக்கினு அலைய முடியுமா? பேசாம எழுதுங்க."

அது மிரட்டுவதுபோல் இருந்தது. கலைமதி பேனாவைக் கீழே வைத்தாள்.

"வாடகை வீட்டுக்காக எங்க ஊரை மறைக்கச் சொல்றீங்களா? என்னால முடியாது. உங்க அண்ணன் பையன்கிட்ட நானே பேசறேன். அவரு உங்கள மாதிரி இல்ல."

வல்லரசுவின் வீடியோவை இந்தப் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. லண்டனில் ஒரு வீட்டுக்காரர் அவன் பேரையும் நாட்டையும் கேட்டுவிட்டு வீடு இல்லை என்று சொல்லிவிட்டாராம். "வாடகை ஒழுங்கா வருமான்னு கேளு. நான் எங்கேருந்து வந்தேன்னு எதுக்குக் கேட்கிறே?" என்று கண்கலங்கப் பேசியிருந்தான். கலைமதியே அதை ஆஸ்பத்திரி குரூப்பில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள்.

"அவன்கிட்ட வேணாம் சிஸ்டர்."

"போடுங்க சார். ஸ்பீக்கர்லயே போடுங்க."

முருகையன் வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். வல்லரசுவுக்குப் போட்டார்.

"சித்தப்பா! அக்ரிமென்ட் ரெடியா? ஜல்தி அனுப்புங்க. ஆடிட்டர் உசுரை வாங்கறான்."

"எழுதிக்கினுதான் இருக்கோம்பா. அட்ரஸ்தான் பாக்கி."

"ஆதாரையும் சேர்த்து அனுப்பிடுங்க. அப்புறம் சித்தப்பா, போன வருசமே கேட்டேன், நீங்க ஏதோ சொல்லி மழுப்பிட்டீங்க. அந்த நர்ஸம்மா எங்கேருந்து வந்தவங்க?"

கலைமதி சட்டென்று போனைப் பார்த்தாள்.

"எதுக்குப்பா அதெல்லாம்? வாடகை ஒழுங்கா வந்துக்கினுதான இருக்குது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சித்தப்பா. நான் அதெல்லாம் பார்க்கிறவனா? தெருவுல நாலு பேரு கேட்பாங்கல்ல. காலனி ஆளுங்களா இருந்தா அக்ரிமென்ட்டே வேணாம். இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிடுங்க."

இதுக்குத்தான் சொன்னேன் என்பதுபோல முருகையன் அவளைப் பார்த்தார். பிறகு போனை அணைக்கக் கையை நீட்டினார். கலைமதி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பேனாவை எடுத்தாள். ஆஸ்பத்திரி முகவரியை எழுதிவிட்டால் மகள் நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தெருப் பெயர், காலனி, ஒலக்கூர் என்று ஒன்று விடாமல் எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டு, ஆதார் ஜெராக்ஸை மேலே வைத்து முருகையன் பக்கம் தள்ளினாள். காலி செய்யச் சொன்னால் செய்துகொள்ள வேண்டியதுதான்.

"சித்தப்பா? லைன்ல இருக்கீங்களா?"

முருகையன் ஒப்பந்தத்தை இழுத்து, வீட்டுக்காரருக்காக என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இருக்கேன் வல்லரசு. பவர் என்கிட்டதான இருக்குது, கையெழுத்துப் போட்டுக்கினு இருந்தேன். அட்ரஸ் கேட்டியே, போட்டோ எடுத்து அனுப்பறேன். கூடவே உன் வீடியோவையும் அனுப்பறேன், ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாரு."